தாளுக்கு வெயில், மதினிக்குக் குடை

கறுப்புக் குடை என்றாலே எனக்கு மழை ஞாபகம் வராது. கோச்சடையில் இருக்கும் என் அண்ணன் வீட்டு மொட்டை மாடியும் அவன் மனைவியான மதினியும்தான் ஞாபகம் வரும். உச்சி வெயிலில் ஊரே நிழல் தேடும்போது, தலைக்குக் குடையும் தாளுக்கு வெயிலுமாக உட்கார்ந்து படம் வரைவாள். மகனின் பள்ளிப் பையில் மிஞ்சிய கிரையான் துண்டுகள்தான் அவள் சரக்கு. தாள் சூடேறினால் மெழுகு இளகும். ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றைப் பூசிக் கட்டைவிரலால் தேய்த்தால் ஆயில் பெயின்டிங் மாதிரியே வழவழவென்று வரும். "பிள்ளைக கிரையான வச்சு ஆத்தாகாரி விளையாடுறா" என்பான் அண்ணன். அவள் சிரித்துக்கொள்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சிக்குப் படம் கொடுக்க அன்று கடைசி நாள். படத்தில் அந்தி நேரத்துக் காளவாசல் சந்திப்பு, விளக்கெரிய நிற்கும் பஸ்கள், எல்லாம் முடிந்து வானம் மட்டும் பாக்கி. அன்றைக்கென்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது. கிரையான் சரியாக ஒட்டாமல் திட்டுத் திட்டாக வெள்ளை தெரிந்தது. மதினி கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். தோசைக்கல்லைத் துடைத்துச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுத் தாளை அதன்மேல் விரித்தாள். ஆரஞ்சு இளகி, அதற்குள் ஊதா ஓடி, புகை படிந்த காளவாசல் வானம் என் கண்முன்னால் வந்து நின்றது. தோசை கேட்டு வந்த அண்ணனிடம், "கல்லு வேலையா இருக்கு, செத்த நேரம் இருங்க" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஸ்கூட்டரில் பறந்தோம். அரங்கில் படங்களை வாங்கிக்கொண்டிருந்த ஓவிய ஆசிரியர், இதைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"ஆயில் பெயின்டிங்காம்மா?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லி மதினியின் கையைக் கிள்ளினேன். கிரையான் என்றால் சின்னப் பிள்ளைகள் போட்டிக்கு ஒதுக்கிவிடுவார்கள் என்று பயம்.

"கிரையான் சார். எம் மகனோடது" என்றாள்.

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். முகர்ந்தும் பார்த்தார்.

"வெங்காய வாசம் வருதே?"

"தோசைக்கல்லுல வச்சு வரைஞ்சேன் சார்."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, வாசலுக்கு நேர் எதிரே இருந்த பெரிய சுவரைக் காட்டி, "அங்க மாட்டுங்க" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் அண்ணன் கண்காட்சிக்கு வந்தான். அந்தச் சுவர் முன்னால் நின்று படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தான்.

இப்போது அந்த வீட்டில் இரண்டு தோசைக்கற்கள் இருக்கின்றன. புதியதை வாங்கி வந்தவன் அண்ணன்தான். அதில் யாரும் தோசை சுடக் கூடாது என்று எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருப்பவனும் அவன்தான்.