என் மகளின் உச்சந்தலை

என் மூத்த மகள் ஸ்டெல்லா பிறந்தபோது, அவளுடைய உச்சந்தலையில் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு இடத்தில் தோலே இருக்கவில்லை. மெல்லிய சவ்வு மட்டும். அதனடியில் ஏதோ சிவப்பாகத் துடித்தது. பார்த்ததும் கத்திவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு. கணவர் அல்பேர்ட் துறைமுகத்தில் கிளார்க். பிள்ளையைப் பொரளையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். டொக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "அபூர்வமா சில பிள்ளைகள் இப்படிப் பிறக்குது. உங்கட பிழை இல்லை. ஆனா அந்தச் சவ்வு கிழிஞ்சு இரத்தம் பெருகினா, காப்பாத்துறது கஷ்டம்."

பார்க்க வந்த உறவுக்காரி, "கிரகணத்தில வெளியில போனனியோ?" என்று கேட்டாள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

ஒரு காலை, பிள்ளையின் தலையில் போட்டிருந்த கட்டு இரத்தத்தில் சிவந்திருந்தது. உடம்பும் கொதித்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பாடமாக்கிய செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, இவளைப் படைச்சது நீர். கொஞ்ச இடம் மூடாமல் விட்டிட்டீர். அதையும் மூடித் தாரும்." அவ்வளவுதான் சொன்னேன். வேலைக்குப் போகிற உடுப்போடு வந்த அல்பேர்ட், போகிறவர் வருகிறவர் பார்க்க, என் பக்கத்தில் முழந்தாளிட்டார்.

மத்தியானத்துக்குள் இரத்தம் நின்றது. காய்ச்சல் மெல்ல மெல்ல விட்டது. சில கிழமைகள் கழித்து, கட்டு மாற்றிய சிங்களத் தாதி மிஸ்ஸி, "அம்மே, பலன்ன!" என்று கூவினாள். மறுபடி இரத்தமோ என்று ஓடிப்போனேன். "பாருங்க, தோல் வருது!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தாள். காயத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அந்த ஒற்றை அறையில் கழிந்த பின்னேரங்கள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. துறைமுகத்தில் கப்பல் ஊதும். அல்பேர்ட் பேக்கரியிலிருந்து சூடான பாணோடு வருவார். வந்தவுடன் பிள்ளையின் தலையைத்தான் பார்ப்பார். "இண்டைக்கு இன்னும் கொஞ்சம் மூடியிருக்கு, என்ன?" என்பார். "ஓம்" என்பேன். அதைவிடச் சந்தோஷமான பேச்சு எங்களுக்குள் பிறகு நடந்ததாக ஞாபகமில்லை.

பள்ளிக்கூடம் போகிற வயதில் ஸ்டெல்லா, "அம்மா, இந்த இடத்தில மட்டும் ஏன் முடி இல்லை?" என்று கேட்டாள். "ஆண்டவரிட்ட நான் தோல்தான் கேட்டனான், மகள். முடி கேட்க மறந்துபோனன்" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இன்று அவள் வெள்ளவத்தையில் இரண்டு பிள்ளைகளின் தாய். அல்பேர்ட் ஆண்டவரிடம் போய்விட்டார். பயந்து பயந்து வாழ்ந்த என்னை அந்த நாட்கள் மாற்றின. இப்போது ஆஸ்பத்திரிகளில் நோயாளிப் பிள்ளைகளின் தாய்மாருக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறேன். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: அழகான வார்த்தைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு என்ன வேண்டுமோ, அதை அப்படியே ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் காது கொடுப்பார்.