கிரனாடாவில் எந்தப் பக்கம் தங்குவது

விமலநாதன் ஸ்பெயினின் கிரனாடாவில் இறந்து முப்பத்தைந்து நாட்கள் ஆகியிருந்தன. ஜெர்மனியின் எசன் நகரில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, பாரிசிலிருந்து வந்த கடைசி உறவினரும் ரயில் ஏறிவிட்டார்கள். வீட்டில் மனைவி சிவமலரும் மகள் துஷானியும் மட்டும் மிஞ்சினார்கள். துஷானியிடம் அம்மாவுக்குச் சொல்லாத ஒரு செய்தி இருந்தது. இதய மருத்துவர் அப்பாவுக்குக் குறித்துக் கொடுத்த நாளைத் தொலைபேசியில் ரத்துச் செய்தது அவள்தான். அம்மாவுக்கு இனி இருப்பது அவள் ஒருத்தி. சொன்ன பிறகும் அம்மா அவளை நம்புவாளா என்பது தெரியவில்லை.

விமலநாதனைப் பற்றி எசன் தமிழர்களிடம் கேட்டால் வோஷிங் மெஷினில் இருந்துதான் தொடங்குவார்கள். எண்பத்தாறில் இலங்கையிலிருந்து வந்தவர். முப்பத்தொரு வருடம் ஒரு வைத்தியசாலையின் சமையலறையில் பாத்திரம் கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வீடு மாறினாலும் அங்கே நிற்பார். பழைய கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. மெஷினை முதுகில் ஏற்றி, நெற்றியில் ஒரு பட்டியை மாட்டிக்கொண்டு நான்கு மாடி ஏறுவார். கூடத் தூக்கப் போன தவராசா ஒருமுறை இரண்டாம் மாடியில் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அண்ணை, ஒருக்கா மூச்சு விட்டிட்டு ஏறுவமே?"

"நீ வெறுங்கையோடை வாறாய். உனக்கென்னடா மூச்சு?"

"நான் உங்களைப் பாத்தே களைச்சுப் போனன் அண்ணை."

தவராசா இதைச் செத்தவீட்டிலும் சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டு அழுதார்கள். ஊன்ட்றொப் ஊர் அம்மன் கோயில் திருவிழாவிலும் அன்னதானக் கிடாரத்தின் ஒரு பிடி விமலநாதனுடையதுதான். 'ஏலாது', முடியாது, என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர் இல்லை. தமிழிலும் இல்லை, அவருக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனிலும் இல்லை.

அந்தக் கொஞ்ச ஜெர்மன் சமையலறைக்குப் போதும். அலுவலகத்துக்கும் மருத்துவருக்கும் போதாது. எட்டு வயதிலிருந்து துஷானிதான் அப்பாவின் வாய். கால்கள் நிலத்தில் எட்டாத கதிரையில் இருந்துகொண்டு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்காகப் பேசினாள். விரைவிலேயே ஒரு வழக்கம் வந்துவிட்டது. மருத்துவர் பத்து வசனம் பேசுவார். அப்பா, "என்னவாம்?" என்பார். "உப்பைக் குறைக்கட்டாம்," என்பாள். பத்து ஒன்றாகிவிடும். அவருக்கும் அது பிடித்திருந்தது. அவர் சொல்வதையும் அவள் அப்படியே சுருக்கினாள். "எங்கே வலி?" என்று கேட்டால், அப்பாவிடம் திரும்பாமலே, "இப்போது இல்லை," என்று பதில் சொன்ன நாட்களும் உண்டு.

பிறகு ஆஹென் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் படித்தாள். இப்போது பாலங்களை அளக்கிறாள். எந்தப் பாலத்தில் இன்னும் லொறி போகலாம், எதில் கூடாது என்று எழுதிக் கொடுப்பது வேலை. அறிக்கையில் அவள் எதையும் சுருக்குவதில்லை.

போன வருடம் விமலநாதன் ஓய்வு பெற்றார். ஸ்பெயினுக்குப் போகலாம் என்று சொன்னது துஷானி. செவில்லாவில் மூன்று இரவு, கிரனாடாவில் நான்கு. எந்தப் பகுதியில் தங்குவது என்பதற்கு ஒரு அட்டவணை போட்டாள். இரவுச் சத்தம், கடைத்தெருவுக்கு எத்தனை நிமிடம், பார்க்கும் இடங்களுக்கு எத்தனை நிமிடம், தங்கியவர்கள் கொடுத்த புள்ளி, சமையலறை. சமையலறை சிவமலரின் கட்டளை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கு அவள் வேறு ஒருவருடைய சட்டியை நம்புவதில்லை. சோற்றுக் குக்கர் பெட்டியில் முதலில் ஏறிவிட்டது.

விமலநாதனுக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"ஸ்டேசனுக்குக் கிட்ட எடு பிள்ளை."

"அப்பா, ஸ்டேசனடி எந்த ஊரிலையும் ஒண்டுதான். கெபாப் கடையும் சிகரெட் புகையும்."

"ஸ்டேசனடியிலை நிண்டால் எங்கடை ஆள் ஒராளாவது வரும். நான் எசனுக்கு வந்த அண்டைக்கு அப்பிடித்தானே ரவிச்சந்திரனைக் கண்டனான்."

"அது எண்பத்தாறு. இப்ப கையிலை போன் இருக்கு."

"போன் உனக்குச் சோறு போடுமே?"

பாதிக்குப் பாதி என்று முடிந்தது. செவில்லாவில் அப்பாவின் விருப்பம், கிரனாடாவில் அட்டவணையின் விருப்பம். அட்டவணை அல்பைசின் பகுதியைச் சொன்னது. மலைச்சரிவில் வெள்ளை வீடுகள், கல் பதித்த ஒழுங்கைகள், எதிர் மலையில் அரண்மனை. தங்கியவர்களின் மதிப்பு ஒன்பது புள்ளி நான்கு. சமையலறை உண்டு. நடை நிமிடங்களை வரைபடம் கொடுத்தது, அவள் எழுதிக்கொண்டாள். சரிவுக்கு ஒரு வரிசை அவள் வைக்கவில்லை. அவளுடைய வேலையில் தினமும் முதலில் எழுதுவது அதைத்தான்.

அவரிடம் கேட்காமலும் இல்லை. ஒரு தடவை கேட்டாள்.

"கொஞ்சம் ஏறவேண்டி வரும். உங்களுக்கு ஏலுமோ?"

"என்னையோ கேக்கிறாய்?" என்று சிரித்தார். "ஏலும்."

அது மார்ச் மாதம். அதே மாதம் அவர் இதய மருத்துவரிடம் தனியாகப் போயிருந்தார். துஷானிக்கு அன்று ஒரு பாலத்தில் வேலை. "எல்லாம் சரியாம், இன்னொருக்கா ஒரு பரிசோதனைக்கு வரட்டாம்," என்று வந்து சொன்னார். ஏப்ரலில் துஷானியைப் போனில் கூப்பிட்டார்.

"டொக்டர் வரச்சொல்லிக் குறிச்ச அந்த டெர்மின் நாங்கள் பறக்கிற கிழமையிலை வருது. எடுத்துச் சொல்லி மாத்திவிடு."

வேலை இடைவேளையில் மருத்துவரின் இடத்துக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் இருந்த பெண், "மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லட்டுமா?" என்றாள். "தேவையில்லை, வெறும் பரிசோதனைதான்," என்றாள் துஷானி. அடுத்த டெர்மின் ஜூலையில்தான் கிடைத்தது. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது.

செவில்லாவில் விமலநாதன் நன்றாக இருந்தார். தரை மட்டம், அகலமான வீதி, லிஃப்ட். காலையில் ஸ்டேசனடிக்குப் போய், தொலைபேசிக் கடை வைத்திருந்த ஒரு வங்காளியைப் பிடித்து, ஒரு கை பச்சை மிளகாயோடு திரும்பினார். "பாத்தியே, போன் கடைக்காரன்தான், ஆனால் மிளகாய் தந்தவன்," என்று மகளைச் சீண்டினார்.

கிரனாடாவில் மூன்றாம் நாள், மத்தியானம். அப்பாவும் மகளும் கீழே போய்த் தண்ணீர் வாங்கினார்கள். ஐந்து லீற்றர் போத்தல்கள் இரண்டு. அவர் அவளிடம் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. படிகளின் நடுவில் நின்று, போத்தல்களைக் கவனமாகக் கீழே வைத்து, ஒரு வாசற்படியில் இருந்தார்.

"நீ போ. நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன். அம்மா உலையை வைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிருப்பா."

அப்பா நடுவழியில் உட்கார்ந்து இளைப்பாறியதை அவள் முன்பு கண்டதில்லை. கண்டும் மேலே போனாள். கதவைத் திறந்து, முகம் கழுவி, அவர் வராததால் இறங்கினாள். பத்து நிமிடம் இருக்கும். சுவரில் தலை சாய்ந்திருந்தது. போத்தல்கள் இரண்டும் நிமிர்ந்தபடி நின்றன.

ஆம்புலன்ஸ் மேலே இருந்த சிறு சதுக்கம் வரைதான் வந்தது. மிச்சத்தை இரண்டு பேர் ஓடி இறங்கினார்கள். உயிர்ப்பிக்க முயன்றார்கள். பிறகு அவரைக் கதிரையில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள், இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. அடுத்த நாள் அவள் தனியாகப் போய்ப் படிகளை எண்ணினாள். தண்ணீர் வாங்கிய கடையிலிருந்து அந்த வாசல் வரை நூற்றுப் பதினெட்டு.

எசனுக்குத் திரும்பிய பின் ஒரு கணக்கை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாள். ஸ்டேசனடி வீடு, சமதரை, லிஃப்ட், பிறகு ஜூலைப் பரிசோதனை. உயிரோடு இருந்திருப்பாரா? பாலமென்றால் எந்தப் பாரத்தில் விரிசல் விட்டது என்று சொல்லிவிடலாம். இங்கே அளவு எதுவும் எடுக்கப்படவில்லை.

கீழ்மாடியில் சிவமலரின் தங்கை மகள் சுஜானி இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. அவள் ஒருநாள் வாசலில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இப்ப கேக்கக்கூடாது அக்கா. ஒக்டோபரிலை பிள்ளையளோடை வலென்சியா போறம், அப்பவே புக் பண்ணினது. எந்தப் பக்கம் நல்லம்?"

"தெரியாது."

"உங்கடை லிஸ்ட் ஒண்டு இருந்ததெல்லே?"

"அழிச்சுப்போட்டன்."

முப்பத்தைந்தாம் நாள் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. இதய மருத்துவரின் இடத்திலிருந்து, விமலநாதனின் பெயருக்கு. ஜூலை டெர்மினை நினைவூட்டி, மார்ச் மாதக் குறிப்பின் நகலையும் வைத்திருந்தார்கள். துஷானி குசினியில் நின்றபடி படித்தாள். சிவமலர் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"என்ன கடிதம்?"

வாயில் ஒரு வசனம் தயாராக நின்றது. 'ஒண்டுமில்லை, டொக்டரிட்டை இருந்து.' முப்பது வருடப் பழக்கம். அதை விழுங்கிவிட்டுக் கதிரையை இழுத்து இருந்தாள்.

"முழுக்க வாசிக்கிறன் அம்மா. வெட்டாமல்."

வாசித்தாள். ஒவ்வொரு வசனமாக, முதலில் ஜெர்மனில், பிறகு தமிழில். இதயத்துக்குப் போகும் குழாய் ஒடுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம். உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பது அவசரம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, படி ஏறுவதைத் தவிர்க்க வேண்டும். இவை நோயாளிக்கு விளக்கப்பட்டன. விளங்கியதாக அவர் சொன்னார். கீழே இன்னொரு குறிப்பு: மே மாத நாள் குடும்பத்தினரால் ரத்துச் செய்யப்பட்டது.

"குடும்பத்திலை ஆர்?"

"நான்."

சிவமலர் கத்தியை வைத்தாள்.

"அவர் சொன்னவரோ?"

"ஓம். வெறும் செக் எண்டு சொன்னவர். அந்தப் பிள்ளை டொக்டரைக் கேக்கட்டோ எண்டு கேட்டது. நான்தான் வேண்டாமெண்டனான்."

"அவர் சொல்லுவார். ஆயுள் முழுக்க அவர் அப்பிடித்தான் சொன்னவர்." சிவமலரின் குரல் உயரவில்லை. "உனக்கு அது தெரியும். தெரிஞ்சு கொண்டு ஏன் அவரைக் கேட்டனீ? என்னைக் கேட்டிருக்கலாமே. மூச்சு முட்டாமல் இருக்க ராவிலை ரெண்டு தலைகாணி வைச்சுப் படுத்த மனுசன். நான் சொல்லியிருப்பன்."

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீயும் அவரும்தானே எல்லாம் கதைக்கிறனீங்கள். டொக்டரும் உங்கடை, கடிதமும் உங்கடை. எனக்கு ஒரு வசனம் வரும். எல்லாம் ஓகேயாம்."

துஷானி கடிதத்தை மடித்து அம்மாவின் பக்கம் தள்ளி வைத்தாள்.

"ஸ்டேசனடியிலை நிண்டிருந்தால் இருந்திருப்பாரோ?" என்று சிவமலர் கேட்டாள்.

"தெரியாது அம்மா."

"சரி." அவள் அடுப்பை நிறுத்தினாள். "வியாழக்கிழமை என்ரை கண் டெர்மினுக்கு நீ உள்ளுக்கு வரவேண்டாம். சுஜானியைக் கேட்டிட்டன் எண்டு நினைச்சுக்கொள். இண்டைக்குக் கேக்கிறன்."

வியாழக்கிழமை துஷானி காரை ஓட்டினாள். சுஜானி பின்னிருக்கையில் வந்தாள். கண் மருத்துவரின் வாசலில் சிவமலர் இறங்கி, மருத்துவ அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, சுஜானியின் கையைப் பிடித்து உள்ளே போனாள். கதவு மூடும்போது வாசலில் நின்ற துஷானிக்கு உள்ளிருந்து பதிவு செய்யும் பெண்ணின் கேள்வி கேட்டது. நோயாளிக்காகப் பேசுவது யார்? சுஜானி தன் பெயரைச் சொன்னாள்.