தள்ளி வைத்த தண்ணீர்த் தொட்டி

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அடுத்தவர் வரைந்ததைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருப்பார்களே, அதில் ஓர் எழுத்து கோணலாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி இதை வியாதி என்பாள். நான் இதைக் கற்றுக்கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் வீட்டு மாடியில் இருபது வருஷமாக வரைகிறேன். தஞ்சாவூரிலும் சென்னையிலும் என் படங்களை மாட்டியிருக்கிறார்கள். அதனால் மனைவியைத் தவிர வேறு யாரும் அந்த வியாதியைப் பற்றி என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை.

போன வருஷம் ஓர் அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டார்கள். பெயரெடுத்த ஓவியர்கள் ஆளுக்கு ஓர் இளையவரை ஆறு மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவில் தஞ்சாவூரில் கண்காட்சி. ஒவ்வொரு இளையவருக்கும் ஒரே ஒரு படம்தான். அந்தப் படங்களைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சென்னையில் ஒரு வருஷம் தங்கி வரைவதற்கு அறை தருவார்கள். 'பெயரெடுத்த' என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் சரி என்று சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் பிறகுதான் கேட்டேன்.

எனக்கு வாய்த்தவள் பூம்புகாரை அடுத்த ஒரு மீனவர் ஊர்ப் பெண். பத்தொன்பது வயது. ஊரில் உள்ள ஃபைபர் படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதுவது அவள்தான். அதில் மிச்சமாகும் பெயிண்டை வைத்துக்கொண்டு பிளைவுட் பலகையில் படம் வரைவாள். வீட்டில் ஐந்து பேருக்கு ஒன்றரை அறை. அதனால் அப்பாவின் வலைக் கொட்டகைதான் அவளுக்கு வரையும் இடம். மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். காற்று அடித்தால் ஈர பெயிண்டில் மணல் ஒட்டிக்கொள்ளும். போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்.

முதல் நாள், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பெரிய ஓவியர் ஆக வேண்டும், உங்களைப் போல வர வேண்டும், இப்படி ஏதாவது வரும் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"கதவு வெச்ச ரூம் சார்," என்றாள்.

அவ்வளவுதான் அவள் ஆசை. அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவது என்று நானும் தீர்மானித்துக்கொண்டேன்.

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போய் பஸ் மாறிப் போக வேண்டும். முதல்முறை போனது தை மாதம். வழியெல்லாம் சம்பா அறுவடை, மெஷின் வயலுக்குள் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் உளுந்து வந்தது, உளுந்தும் பிடுங்கி முடிந்தது. பங்குனி கடைசியில் ஒரு நாள் அவள் ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினாள்.

கடலிலிருந்து பார்த்த கரை. பலகை முழுக்கத் தண்ணீர். நான் வருஷக்கணக்காக நீலத்தோடு மல்லுக்கட்டியும் வராத தண்ணீர். அடியில் ஏதோ கிடக்கிறது என்று தெரிகிற, அது என்ன என்று சொல்லாத தண்ணீர். உச்சியில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கரை. பனைமரங்கள், செல்போன் டவர், தண்ணீர்த் தொட்டி, அம்மன் கோயில் கோபுரம். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை.

கோபுரத்துக்கு நேர் முன்னால் தொட்டியை வைத்திருந்தாள். கோபுரம் முழுக்க மறைந்து, கலசங்கள் மட்டும் தொட்டியின் தலையில் முடி முளைத்தாற்போல நின்றன. ஒன்றின் பின்னால் ஒன்றை இப்படி ஒளித்து வைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் வருஷப் பாடம். பார்க்கிறவன் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பென்சிலை எடுத்து, தொட்டியை இரண்டு விரற்கடை இடது பக்கம் தள்ளிக் கோடு போட்டேன்.

"கண்டிப்பா தள்ளணுமா சார்?" என்று கேட்டாள்.

கண்டிப்பாக என்றேன். அடுத்த முறை போனபோது தொட்டி தள்ளி நின்றது, கோபுரம் முழுசாகத் தெரிந்தது. மறுபேச்சுப் பேசாமல் பழைய கரையின் மேலேயே பெயிண்ட் அடித்து மாற்றியிருந்தாள். என்ன பணிவு என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். என் ஆசிரியத் திறமையைப் பற்றியும் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்துவிட்டது. கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. அந்தத் தண்ணீரின் நிறத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அரிப்பு. அவள் அப்பாவிடம் சொல்லி ஏற்பாடு செய்தாள். விடியும் நேரத்தில் படகைத் தள்ளினார்கள். நான் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டே, எங்கே போகிறோம் என்று அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் படகை விட்டுக் கரைக்கு ஏறிப் போய் மணலில் உட்கார்ந்துவிட்டார். கரையில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடலுக்குக் கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாதாம். கேட்டால் அபசகுனம். அதோடு, மீன் கிடைக்கும் இடத்தை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, பங்காளியிடம்கூட. கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்கவே இல்லை என்பது போல எழுந்து வந்தார். கிளம்பினோம். அவள் வரவில்லை. பெண்கள் தொழிலுக்குப் படகேறும் வழக்கம் அந்த ஊரில் இல்லை.

முக்கால் மணி நேரம் போயிருப்போம். வெயில் ஏறத் தொடங்கியது. அவர் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். ஜிபிஎஸ் பெட்டி அவர் காலடியில் துண்டில் சுற்றிக் கிடந்தது; கரைக்குப் போனால் அதைக் கழற்றிக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். இப்போது அதை அவர் பார்க்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலை ஒன்றன் பின் ஒன்றாக முகத்துக்கு முன்னால் பிடித்துக் கரையைப் பார்த்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். கரை மெல்ல நகர்ந்தது. தண்ணீர்த் தொட்டி நகர்ந்து நகர்ந்து வந்து கோபுரத்தின் முன்னால் நின்றது. கோபுரம் முழுக்க மறைந்தது. கலசங்கள் மட்டும் தொட்டியின் தலைக்கு மேல் தெரிந்தன. அந்த இடத்தில் அவர் மோட்டாரை நிறுத்தினார். தொழிலுக்குப் போகாத ஆள்தானே என்று நினைத்தாரோ என்னவோ, எங்களுக்குக் கீழே பாறைத் திட்டு இருப்பதாகவும், மீன் அங்கேதான் அடையும் என்றும், இந்த இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் அவருடைய தகப்பனார் காட்டியது என்றும் சொன்னார்.

அவள் முதலில் வரைந்த பலகைதான் என் எதிரில் இருந்தது. ஒரு மயிரிழை மாற்றமில்லை. எத்தனை முறை மகளை இங்கே கூட்டி வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவ கரையத் தாண்டுனதே இல்ல சார்," என்றார். சாப்பிடும்போது அவர் சொல்வாராம், அவள் கேட்பாளாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். பிறகு, மகளுக்காகப் பரிந்து பேசுகிறவர் போல, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "படத்துல தொட்டி மட்டும் தள்ளிப் போயிருச்சு. நான் சொல்லிக்கல. கடலுக்கு வராத புள்ள, அந்த அளவுக்குப் போட்டதே பெரிசு."

தள்ளியது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடலில் இறங்கி நடக்கவும் முடியாது. வலையைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

(அவள் கேட்டுக்கொண்டபடி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் எழுதியிருக்கும் தொட்டியும் கோபுரமும் மாற்றி எழுதியவை. யாரும் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.)

கரைக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனேன். தவறு என்னுடையது, பழையபடி மாற்று, முதலில் வரைந்ததுதான் படம், அதை மாட்டினால் அந்த அறை உனக்குத்தான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் தலையாட்டவில்லை.

"வேணாம் சார். அது எங்கப்பாவோட எடம். படத்த மாட்டுனா எல்லாரும் போன்ல பிடிப்பாங்க. சுத்துப்பட்டு ஊர்ல தொழில் பண்றவங்க ஒரு தரம் பாத்தா போதும்."

வரையும்போது அது அவளுக்குத் தோன்றவில்லையாம். வந்தது, வரைந்துவிட்டாள். முடித்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டதாம். அப்பா பார்ப்பதற்குள் என்ன செய்வது என்று தெரியாமல் தவித்திருக்கிறாள். அந்த நேரத்தில்தான் நான் பென்சிலோடு போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

"நீங்க தள்ளச் சொன்னதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு," என்றாள்.

நான் பணிவு என்று நினைத்தது அது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். பொய் என்று உனக்கே தெரிந்த படத்தை மாட்டப் போகிறாயா, அதற்கா ஆறு மாதம், அதை வைத்துக்கொண்டு அறை கிடைக்காது என்று கத்தினேன். தெரியும் சார் என்றாள். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர்கள் போகும் வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பத்து நாள் இருக்குல்ல. அதுவரைக்கும் நீங்க வராதீங்க சார்."

வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உர்ரென்று உட்கார்ந்து வந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. வீட்டில் சொன்னபோது, உங்களிடம் படம் காட்டிய பிள்ளைகளிலேயே விவரமானது அதுதான் என்று மனைவி சொன்னாள். பத்து நாளும் நான் ஒன்றும் வரையவில்லை. அவளுக்கு அந்த அறை என் பென்சிலால் போய்விட்டது என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கண்காட்சி அன்று தஞ்சாவூர் மண்டபத்துக்குள் குற்றவாளியைப் போல நுழைந்தேன். மாட்டியிருந்தது தொட்டி தள்ளிய படம் இல்லை. புதுப் பலகை.

அதில் கரையே இல்லை. நாலு பக்கமும் அந்தத் தண்ணீர். நடுவில் படகு, முனை நம்மைப் பார்த்து. பின்னால் அவள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை மோட்டாரில். ஒரு கண்ணை மூடி, இரண்டு விரலை ஒன்றன் பின் ஒன்றாகப் பிடித்து, நம்மை நோக்கிப் பார்க்கிறார். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அந்தத் திறந்த கண்ணில் இருக்கிறது. எந்த இடம் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த முகத்தை அவள் கடலில் பார்த்ததில்லை. தினமும் சோற்றுத் தட்டுக்கு எதிரில் பார்த்திருக்கிறாள். காற்றில் வந்து ஒட்டிய மணலை இந்தமுறை துடைக்கவில்லை. அது அவர் கன்னத்தில் உப்பாக மினுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. படத்தின் முன்னால் நிற்கிறவன் நிற்பது கரையில். அவர் பார்ப்பது அவனைத்தான். நான் அங்கே தொட்டியாகவோ கோபுரமாகவோ நின்றுகொண்டிருந்தேன். இருபது வருஷத்தில் எனக்கு இப்படி ஒன்று தோன்றியதில்லை, இனியும் தோன்றாது. அதில் வருத்தம்கூட வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

தூக்கிய கையின் முழங்கை கொஞ்சம் நீளம். பார்த்துவிட்டேன், என்ன செய்வது. சட்டைப் பைக்குப் போன கையை அப்படியே கீழே விட்டேன்.

சாயங்காலம் முடிவைச் சொன்னார்கள். அவளுக்குத்தான். காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்த அவள் அப்பா, கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். மகள் சென்னைக்குப் போகிறாள் என்பதைக் கேட்டுக்கொண்டார். படத்தின் முன்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடினார். இடது பக்கம் ஓரடி நகர்ந்தார். இன்னும் அரையடி நகர்ந்து, படத்தில் இருப்பவரின் பார்வைக்கு நேராக நின்றதும் கண்ணைத் திறந்தார்.

"நம்மூர்ல கோயில் இருக்கு, தொட்டி இருக்கு," என்றார் மகளிடம். "அங்க உனக்கு எது அடையாளம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, பழைய படத்தில் தொட்டியைத் தள்ளச் சொன்னது நான்தான், அவள் முதலில் சரியாகத்தான் போட்டிருந்தாள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தப் பலகையத்தான் எடுத்துட்டுப் போறேன்ப்பா," என்றாள். "அந்த ரூம்ல கதவு இருக்கு. சாத்திட்டு, தொட்டியப் பழைய எடத்துலயே வெச்சிக்கிறேன்."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு என் சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார்.

"சாரை மட்டும் உள்ள விட்றாத," என்றார்.

நான் இதுவரை போனதில்லை.