பத்தரை முதல் பன்னிரண்டு வரை

முதுகலைத் தாதியியல் படிப்புக்கு நான் இரண்டு முறை முயன்றேன். முதல் முறை நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பினேன். இரண்டாவது முறை மனுவே போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அது பாதிதான் உண்மை.

மலேசியாவில் மெர்லிமாவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில், எங்கள் வீடு. கணவர் எண்ணெய் ஆலையில் பாயிலர் பார்க்கிறவர். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, அடுத்த வருஷம் இடைநிலைப்பள்ளி. கூட என் மாமியார். நான் அரசாங்க மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் தாதி. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் முதல் நோயாளி வருவதற்குள் மெஷின்களைத் தயார் செய்ய முடியும். திரும்பி வந்தால் துணி, சோறு, பிள்ளையின் பள்ளிப் பாடம். அந்த வருஷங்களில் நான் களைப்பாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். களைப்பு தெரிவதற்கு உடம்பில் கொஞ்சமாவது உணர்ச்சி மிச்சம் இருக்க வேண்டும்.

முதல் நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருஷம் கோலாலம்பூரில் தங்கிப் படித்தால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். மாமியார் என்றேன். மாமியாரை யார் பார்ப்பார்கள் என்றார். மூவரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். இடம் இல்லை என்ற மின்னஞ்சல் நான் வேலையில் இருந்தபோது வந்தது. படித்தேன், போனைப் பையில் போட்டேன், அடுத்த நோயாளியின் கையில் ஊசியை ஏற்றினேன். ஒரே குத்தில் ஏறியது. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருஷம் கடைசி வாய்ப்பு. அதை விட்டால் சம்பளத்தோடு படிப்பு விடுமுறை எடுக்கும் வயது வரம்பை நான் தாண்டிவிடுவேன். சம்பளமில்லாமல் இரண்டு வருஷம் எங்கள் வீடு தாங்காது. ஆகவே வீடே மனுப் போட்டது என்று சொல்ல வேண்டும். கணவர் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார், இரண்டு முறை காலில் கஞ்சியை ஊற்றிக்கொண்ட பிறகு. மகள் என் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தினாள், அம்மா உனக்கு கமா எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். அத்தை, அதாவது மாமியார், செவ்வாய்க்கிழமை விரதத்தைத் தொடங்கினார். ஆளாளுக்கு ஒத்தாசை. எனக்கு ஆசை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மனுவில் ஒரு கேள்வி இருந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு உங்கள் திட்டம் என்ன? எனக்கு நாலு மணி நேரத்துக்குத்தான் திட்டம் இருந்தது. ஒரு நோயாளியை மெஷினில் மாட்டிக் கழற்றுகிற நேரம் அது. ஆனாலும் அரைப் பக்கம் எழுதினேன். சமுதாயம், சேவை, ஆய்வு என்றெல்லாம் வந்தது. யாரோ எழுதியதை வாசிப்பது போல வாசித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் மளிகைக் கடையில் கொடுக்கும் தமிழ் நாட்காட்டியை அவரைப் போல யாரும் படிக்க முடியாது. ராகு காலத்தில் அவர் கோழி முட்டைகூட வாங்க மாட்டார். கேலி செய்வேன், கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குக் காரணம் இருந்தது. தோட்டத்தை விற்றபோது, லயத்து வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று எல்லாரிடமும் கைநாட்டு வாங்கினார்கள். அத்தை வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. தருவதாகச் சொன்ன மாற்று வீடு கடைசி வரை வரவில்லை. மற்ற நேரத்தில் வைத்தவர்களுக்கும்தான் வரவில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். அது அவங்கவங்க விதி என்றார்.

மனுவோடு என் மேலதிகாரியின் ஆதரவுக் கடிதமும் போக வேண்டும். எங்கள் பிரிவின் சிஸ்டர் மலாய்க்காரர், நல்லவர், ஆனால் அவர் மேஜையில் ஒரு காகிதம் போனால் பிள்ளை பெற்றுத்தான் திரும்பும். கடிதம் வியாழன் மாலைதான் கைக்கு வந்தது. மறுநாள் வெள்ளி, எனக்கு வேலை இல்லாத நாள். காலையில் மெர்லிமாவ் டவுனுக்குப் போய்க் கடிதத்தை ஸ்கேன் செய்தேன். கடையில் கூட்டம். வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது பத்தே முக்கால். இனி ஒரு பொத்தான்தான் பாக்கி. அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. மனு முடியும் நேரம், வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணி.

அதை நான் வாசித்தேன். ஒருமுறை அல்ல.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து பின்னால் நின்றார்.

"மணி என்னாம்மா?"

"பத்தே முக்கா அத்தை."

"அப்ப வேணாம். ராகு காலம் முடியட்டும். பன்னெண்டு அடிச்ச ஒடனே அனுப்பு. பட்டவ சொல்றேன், கேளு."

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வரிதான். பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள் அத்தை. சொல்லியிருந்தால் அவர் பிடிவாதம் பிடித்திருக்க மாட்டார். ஓர் எலுமிச்சம்பழத்தை என் தலையைச் சுற்றி வாசலில் மிதித்துவிட்டு, சரி அனுப்பு என்றிருப்பார். பரிகாரம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எனக்கோ அந்த நம்பிக்கையே கிடையாது. வாரம் முழுக்க எல்லா ராகு காலத்திலும் ஊசி ஏற்றுகிறவள் நான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு டயாலிசிஸ் வேண்டாம் என்று சொன்ன நோயாளியை இன்னும் பார்க்கவில்லை.

"சரி அத்தை" என்றேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் சைவம். பயற்றங்காய் நறுக்கினேன். துணி மடித்தேன். மகளின் பள்ளிச் சீருடையில் பொத்தான் தைத்தேன். நடுநடுவே திரை இருண்டுபோகும், போய் விசையைத் தட்டுவேன். சிவப்பு வரி திரும்ப வரும். பதினொன்று இருபது. பதினொன்று நாற்பது. அனுப்பிவிடு என்று எனக்குள் யாரும் கத்தவில்லை. அனுப்பாதே என்றும் கத்தவில்லை. மரத்துப்போன காலைக் கையால் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. கால் இருப்பது தெரிகிறது, அது என்னுடையதாக இல்லை.

பன்னிரண்டு அடித்ததும் அத்தை திருநீறு எடுத்துவந்து என் நெற்றியில் பூசினார். இப்ப அனுப்பு தாயி என்றார். பொத்தானை அழுத்தினேன். மனு ஏற்கும் நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது.

போயிருச்சா என்று கேட்டார் அத்தை. பன்னிரண்டுக்கே மூடிவிட்டார்களாம் என்றேன், அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல. அவர் திருநீற்றுத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்கு ஆலையிலிருந்து கணவர் வந்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல, அன்றும் போடவில்லை. தன் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஒன்னோட ராகு காலம் அவள முழுங்கிருச்சும்மா."

நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடினால் நடப்பது நன்றாகக் கேட்கும். மூடவில்லை. மகள் இரண்டு நாள் பாட்டியோடு பேசவில்லை. என்னிடம் மட்டும் எல்லாரும் அநியாயத்துக்கு அன்பாக இருந்தார்கள். கணவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். மகள் யாரும் சொல்லாமலே குளித்தாள். அத்தை சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். மறுபடி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. வா என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அதைவிட அதிகம். வந்தால் புதிதாகத் தொடங்க வேண்டும், வாடகை அறை, வகுப்பு, வாரக்கடைசிப் பேருந்து, போனில் பிள்ளை. வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை, ஏனென்றால் எல்லாரும் எனக்காகப் பாடுபட்டிருந்தார்கள். அத்தை குறுக்கே வந்து நின்றார். நான் அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை நோயாளிகள் எல்லாரையும் மெஷினில் மாட்டி முடித்த நேரம். உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று சிஸ்டர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், சிஸ்டரின் அறையில் அத்தை. கோயிலுக்குக் கட்டுகிற புடவை. தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். மேஜை மேல் எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்த வாழைப்பழம் ஒரு சீப்பு.

"சாயா பூஞ்ஞா சாலா, சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னுடைய தப்பு என்று அர்த்தம். தோட்டத்தில் பழகிய அவருடைய மலாய் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், இதற்குப் போதவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லும்மா. நான் சொல்றத அப்படியே சொல்லு. படிக்காதவ நான், நான்தான் கெடுத்தேன். இந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. யார் கால்ல விழணும்னாலும் விழறேன், ஒரே ஒரு தடவ தொறந்து விடச் சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் மலாயில் மாற்றிச் சொன்னேன். எத்தனையோ வருஷமாகத் தமிழ் நோயாளிகளின் வலியையும் குறையையும் டாக்டர்களிடம் மாற்றிச் சொல்லிப் பழகிய வாய் இது, தடுமாறவில்லை. இந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை என்கிறார் என்ற இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

சிஸ்டர் அத்தையின் கையைத் தடவிக்கொடுத்தார். அது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முடியும் நேரம் அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்களே, நீ பார்க்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். எளிய மலாய், அத்தைக்கும் புரிந்துவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"டியா தா தாவு, சிஸ்டர்."

அவளுக்குத் தெரியாது.

சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், எனக்குத் தெரியாது என்றேன். அதையும் மலாயில்தான் சொன்னேன், அத்தைக்குப் புரிகிற மலாயில். அத்தை என் கையை விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது.