ஆளில்லாத ஷாட்

எண்பதுகளின் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, மெட்ராஸிலிருந்து விளம்பரப் படம் எடுப்பவர்கள் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தார்கள். கடலை எண்ணெய்க்கான டிவி விளம்பரம். டின்னிலிருந்து ஒரு எண்ணெய்த் துளி குதித்து, கை கால் முளைத்து, சுவரோரமாக நடந்து வாணலிக்குள் இறங்கும். துளியைப் பிறகு கம்ப்யூட்டரில் வரைந்து சேர்ப்பார்கள். அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவள் என் தங்கை. முன்பு வீடு பார்க்க வந்தபோதே, நடிகை வேண்டாம், இவரே போதும் என்று டைரக்டர் முடிவு செய்திருந்தார். புருஷன் வீட்டிலிருந்து திரும்பிய மூன்று வருடங்களாக அவள் வாசலுக்குக்கூட அதிகம் வந்ததில்லை. அந்த வாரம் தானே வீடு வீடாகப் போய், டிவியில் வரப்போவதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

இல்லாத துளியைப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். குச்சி நுனியில் பஞ்சு உருண்டை. உதவியாளர் அதை நகர்த்த, அவள் கண் அதன் பின்னாலேயே போக வேண்டும். ஐந்தாவது முறை சரியாக வந்தது.

"இதுக்கு மேல யாராலயும் நல்லா பாக்க முடியாதும்மா" என்றார் டைரக்டர்.

அடுத்து, கேமராவை அசைக்காமல், அவளும் குச்சியும் இல்லாத வெற்றுச் சமையலறையை ஒரு முறை எடுக்க வேண்டும். குச்சி மறைத்த சுவரை அதிலிருந்து எடுத்துப் பொருத்தித்தான் குச்சியை அழிப்பார்களாம். எதையும் தொடக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அடுப்பு, டின், வாணலி எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கக் காவல் நின்றேன். சுவரில் தினசரி காலண்டர் மட்டும் ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. குளித்ததும் தாள் கிழிப்பது என் வழக்கம். அன்று காலை அமளியில் விட்டுப்போயிருந்தது. கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமையின் எண் கறுப்பு. திரும்பி வந்து வெற்றுச் சமையலறையை எடுத்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. குச்சி காலண்டரைக் கடக்கும் இடமெல்லாம் சிவப்பு எண்ணுக்குள் கறுப்பு எண் தெரிகிறது. ஒவ்வொரு படமாகத் திருத்த மெஷின் கிடைக்கவில்லை. ஸ்டுடியோவில் சமையலறை போட்டு வேறொரு பெண்ணை வைத்து எடுத்துவிட்டோம், மன்னிக்கவும். கடிதத்தை டைரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

விளம்பரம் வந்த அன்று எங்கள் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது.

"இது நம்ம பொண்ணு இல்லியே?" என்றார் எதிர்வீட்டு அம்மாள். "சும்மா சொல்லி வச்சிருக்கா போல."

இரண்டு பேர் சிரித்தார்கள். எல்லோரும் போன பிறகு தங்கை கேட்டாள்.

"என் கண்ணு குச்சிய விட்டு நவுந்துடுச்சாண்ணா?"

"இருக்கும்மா" என்றேன்.

மறு வருடம் அதே டைரக்டர், வேறொரு விளம்பரத்துக்கு அவளை அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதினார். படித்துக் காட்டினேன்.

"வேணாண்ணா. எனக்குப் பார்வை நிக்காதுன்னு எழுதிடு."

அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலைத் தபாலில் சேர்த்தேன்.