பட்டு ஜாக்கெட்டும் கத்தரிக்கோலும்

அண்ணன் பேத்தி கல்யாணத்துக்காகத் திருப்பதி போன நான், அலிபிரியில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். வலது கை வீங்கிப்போய் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் படுத்திருந்தேன். என்னைப் பார்க்க வந்தவள் நர்ஸ் வேலை பழகும் ஒரு பெண். ஒல்லியான உடம்பு, மூக்கில் நிற்காத கண்ணாடி. ஏசி குளிருக்கு, யாரைத் தொடுவதற்கு முன்பும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள்.

"ஜாக்கெட் கையை வெட்டிடு" என்று சொல்லிவிட்டுப் பெரிய நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். அரக்குப் பட்டு ஜாக்கெட். அன்றுதான் முதல்முறை போட்டிருந்தேன்.

"கத்திரி வச்சியோ, எழுந்து பஸ் ஏறி எங்க ஊரு நாகலாபுரம் போய்க்கினே இருப்பேன்" என்றேன்.

"வெட்டல ஆயா, தையலப் பிரிச்சிடறேன். ஆடாம இரு."

"அந்தம்மா திட்டமாட்டாங்களா?"

"திட்டுவாங்க. போன மாசம் கிளாஸ்ல என்னைப் பேஷன்ட் மாதிரி படுக்க வச்சாங்க. கூடப் படிக்கிறவ கேக்காமலே என் புது சுடிதார் கைய நெஜமாவே வெட்டிட்டா. எனக்கு ஒரு அடியும் இல்ல ஆயா, ஆனா அழுதுட்டேன்."

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். பெரிய நர்ஸ் திரும்பி வந்து முறைப்பதற்குள், பட்டில் ஒரு இழைகூட அறாமல் கையைப் பிரித்திருந்தாள்.

எலும்பு கூடிவிட்டது. ஜாக்கெட் தையலையும் நானே போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நல்ல பெயர் எடுப்பாள், அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கூடப் படித்தாளே இன்னொருத்தி, அவள் இப்போது எந்த ஆஸ்பத்திரியில், யார் ஜாக்கெட் பக்கத்தில் நிற்கிறாளோ!