சம்பந்தி வீட்டில் பார்த்த விருந்தாளிப் படங்கள்

பரவையில் என் வீட்டு அடுப்படிக்குத் தரை மாற்ற ஆள் விட்டிருந்தேன். ரெண்டு மூணு நாளில் முடியும் என்றார் கொத்தனார். அதுவரைக்கும்தானே என்று ஒத்தக்கடையில் மகள் வீட்டுக்குப் போனேன். பெண் கொடுத்த வீட்டில் பெட்டியோடு போய் உட்காருகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கொத்தனாரோ வேலையை இழுத்துக்கொண்டே போனார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் மாப்பிள்ளையின் அம்மாவும்தான். மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவருக்குப் பழைய கறுப்பு வெள்ளைக் காமெடி என்றால் உயிர். மாப்பிள்ளை காலையிலேயே டிவியில் ஒரு படம் தேடி வைத்துவிட்டுப் போவார்.

ஒரு வாரம் கழிந்து ஒருநாள் வந்தது, கிளம்பவே மாட்டேன் என்கிற விருந்தாளியின் கதை. அவனை விரட்ட வீட்டுக்காரன் காய்ச்சல் என்று படுத்தால், கஷாயம் வைக்கிறேன் என்று அடுப்படிக்குள் நுழைகிறான். ஊருக்குப் போகிறோம் என்று கதவைப் பூட்டினால், "நல்லதாப் போச்சு, நானும் வாரேன்" என்று வண்டியில் முதல் ஆளாக ஏறிக்கொள்கிறான். நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மறுநாளும் விருந்தாளிப் படம். அதற்கு மறுநாளும் அதே! மதினி தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். எனக்கோ ஒவ்வொரு சிரிப்பும் சுருக்கென்று குத்தியது. ஜாடையாகத்தான் சொல்கிறார், வேறென்ன? எனக்கும் ரோஷம் இருக்கிறது. எழுந்துபோய்த் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன்.

"படம் போட்டுத்தான் சொல்லணுமா மதினி? வாயால சொன்னா போயிருப்பேன்ல?"

அவர் திகைத்துப்போய் டிவியை அணைத்தார்.

"அடப் பாவமே! வந்ததுல இருந்து யாரோ எவரோ மாதிரி முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தீக. முந்தாநேத்து அந்தப் படத்துக்குத்தான் சிரிச்சீக. அதான் இதே மாதிரி பாத்துப் போடுடான்னு மகன்கிட்ட சொன்னேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பேசாம உக்காருங்க மதினி. பகல் பூரா இந்த வீட்டுல தனியாச் சிரிச்சுச் சிரிச்சு எனக்கே அலுத்துப்போச்சு."

பையை உள்ளே வைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

"சரி, போடுங்க. அந்த விருந்தாடி இன்னும் என்னென்ன அழிச்சாட்டியம் பண்றான்னு பாப்போம்."